வைப்பின் கண்டல்: வனவியல் ஆய்வேடுகளில் வழக்குப் பெயர்களின் வரலாறு

கொச்சித் துறைமுக வாயிலுக்கு வடக்கே, மேற்கில் அரபிக் கடலும் கிழக்கில் காயலும் சூழ, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கும் தீவு வைப்பின். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் கொணர்ந்த மண் படிந்து இத்தீவு உருவாயிற்று என்பது மரபுவழிச் செய்தி. அவ்வாண்டையே தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' ஆண்டு என்றொரு காலக்கணக்கும் இப்பகுதியில் வழங்கியுள்ளது. 'வை' என்னும் வினையடியாகப் பிறந்த 'வைப்பு' என்னும் பெயர் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானது. ஆறும் கடலும் கொண்டுவந்து வைத்த நிலம் வைப்பு எனப்பட்டது என்று கொள்வதே இப்பெயருக்குப் பொருத்தமான விளக்கம். தீவின் தென்கோடியில் பிற்காலத்தே நிலம் ஏறிய பகுதி புதுவைப்பு என்றே வழங்குகிறது.

இவ்வாறு ஏறும் நிலத்தில் முதலில் வேரூன்றுபவை உவர்நீர்ச் சதுப்பில் வளரும் மரங்கள். அவற்றை ஆராயும் மாணவர்க்கு வைப்பின் நெடுங்காலமாக ஒரு களமாக இருந்துவந்துள்ளது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வேளாண் அறிவியல் மையம் இத்தீவின் ஞாறய்க்கல்லில் உள்ளது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்து, 2010ஆம் ஆண்டில் தோன்றிய கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு மாறிய மீன்வள நிலையம் புதுவைப்பில் உள்ளது. காயலுக்கு அக்கரையில் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறைகள் உள்ளன. பீச்சியில் 1975இல் நிறுவப்பட்ட கேரள வன ஆராய்ச்சி நிலையமும், வெள்ளானிக்கரையில் 1986இல் தொடங்கிய வனவியல் கல்லூரியும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை. இந்நிறுவனங்களில் முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கென எழுதப்படும் ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் அமைகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மரவகைகளைப் பட்டியலிடும் அட்டவணை ஒன்று இடம்பெறும். முதல் நிரலில் இலத்தீன் இருபெயர், அடுத்ததில் குடும்பம், ஓர் ஓரத்தில் 'வட்டாரப் பெயர்'.

அந்த ஓர நிரலே இக்கட்டுரையின் பொருள். அதிலுள்ள பெயரைச் சொன்னவர் யார், எந்த ஊரில் சொன்னார், எந்த மரத்தைச் சுட்டிச் சொன்னார் என்னும் விவரங்கள் அட்டவணையில் பெரும்பாலும் இரா. முந்தைய நூலொன்றிலிருந்து பெயர் எடுத்தாளப்படும். அந்நூலும் தனக்கு முந்தைய நூலொன்றிலிருந்து எடுத்திருக்கும். அளவைக்கும் நிறைக்கும் சான்று கேட்கும் துறை, சொல்லுக்குச் சான்று கேட்பதில்லை. இத்துறையின் தொடக்கம் இத்தகையதன்று என்பதை வைப்பினுக்கு நேர் எதிரே, மட்டாஞ்சேரியையும் கொச்சிக் கோட்டையையும் சூழ நடந்த ஒரு பெரும்பணி காட்டுகிறது.

பெயர் சொன்னவர்களின் சான்று

1663இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சியை டச்சுக்காரர் கைப்பற்றினர். பின்னர் மலபாரின் டச்சுத் தலைவராகப் பொறுப்பேற்ற ஹென்றிக் வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 742 தாவரங்கள் விவரிக்கப்பட்டுள்ளன எனக் கணக்கிடுவர். வனவியலும் தாவரவியலும் தனித்தனித் துறைகளாகப் பிரியாத காலத்தில், இந்திய மரங்களைப் பற்றி எழுந்த முதல் பேராய்வு இது எனலாம்.

மொழியியலார்க்கு இந்நூலின் முதல் தொகுதியில் உள்ள சான்றிதழ்கள் இன்றியமையாதவை. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன், கொங்கணிப் பிராமண மருத்துவர்களான ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட், கும்பினியின் மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கர்னெய்ரோ ஆகியோர் தாம் சொன்னவற்றுக்கும் செய்தவற்றுக்கும் தாமே சாட்சி எழுதித் தந்தனர். 1675 ஏப்ரல் என்று நாளிட்ட அச்சான்றுகள் அவரவர் எழுத்திலேயே தகடு வெட்டி அச்சிடப்பட்டன. இட்டி அச்சுதனின் சான்று கோலெழுத்தில் உள்ளது. வட்டெழுத்தின் வழிவந்த இவ்வெழுத்தின் அச்சுருவங்களுள் இது மிகப் பழையது என்பதால், தமிழ் எழுத்தியல் வரலாற்றை ஆராய்வோரும் இதனை நோக்க வேண்டும். கர்னெய்ரோவின் சான்று ஆரிய எழுத்திலும், கொங்கணியரின் சான்று நாகரியிலும் உள்ளன. படத் தகடுகளிலும் தாவரத்தின் பெயர் உரோமன் எழுத்தோடு மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளில் வெட்டப்பட்டது.

செய்தி கடந்து சென்ற வழி நீண்டது. இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொன்னதைக் கர்னெய்ரோ போர்ச்சுக்கீசியத்தில் பெயர்த்தார். அதிலிருந்து கொச்சி அரசுச் செயலர் கிறிஸ்தியான் வான் டோனெப் இலத்தீனுக்குக் கொண்டுசென்றார். பாதிரியார் யோஹன்னெஸ் காசெயாரியுஸ் தொடக்கத் தொகுதிகளின் இலத்தீன் நடையை அமைத்தார். ஹாலந்தில் பேராசிரியர்கள் உரைக்குறிப்புகள் சேர்த்தனர். மூன்று மொழிகளைக் கடந்த இப்பயணத்தில் விவரணை மாறியிருக்கலாம், பெயர் மாறவில்லை. பெயரை மட்டும் எவரும் மொழிபெயர்க்கத் துணியவில்லை.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்கால ஐரோப்பியர் 'மலபார் மொழி' என்றது எப்போதும் மலையாளத்தையே குறித்தது என்று கொள்வதற்கில்லை. தமிழையும் அவர்கள் அப்பெயரால் வழங்கினர். இலங்கையில் ஆங்கிலேயர் தமிழரையே மலபார் மக்கள் என்றனர். ஆகவே பழைய தாவர ஏடுகளில் 'மலபார்' என்னும் குறிப்பைக் கண்டவுடன் மலையாளச் சொல் என்றோ தமிழ்ச் சொல் என்றோ முடிவு கட்டுவது பிழைக்கு இடந்தரும். சொல்லின் ஒலிவடிவையும் இடத்தையும் கொண்டே அது துணியப்பட வேண்டும்.

கண்டலின் வகைகள்

1686இல் வெளிவந்த ஆறாம் தொகுதியில் சதுப்புநில மரங்கள் சில அடுத்தடுத்து வருகின்றன. கண்டெல், கரிகண்டெல், பேகண்டெல், செருகண்டெல், பூகண்டெல் என இன்றைய வாசிப்பில் அமையும் பெயர்கள் அவை. டச்சு எழுத்துக்கூட்டலை அறியாதவர்க்கு இவை எளிதில் விளங்கா. செரு என்பதன் முதலொலியை டி, எஸ், ஜே என்னும் மூன்று உரோமன் எழுத்துகள் சேர்ந்து காட்டுகின்றன. ஈற்று உகரத்துக்கு ஓவும் யுவும் இணைந்து நிற்கின்றன.

எழுத்துக்கூட்டலை நீக்கிப் பார்த்தால் அமைப்பு தெளிவானது. 'கண்டல்' தலைமைச்சொல், அதன்முன் ஓர் அடை. கரி நிறத்தையும், சிறு என்பதற்கு இணையான செரு அளவையும், பூ உறுப்பையும் சுட்டுகின்றன. 'பே' என்பது தமிழில் 'பேய்' என வரும் அடைதான். பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்க்கரும்பு என்று, பழகிய பயிரை ஒத்தும் பயன்பாட்டில் வேறுபட்டும் நிற்கும் செடிகளைத் தமிழர் இவ்வடையால் பிரித்து வழங்குகின்றனர். இன்றைய மலையாளத்தில் ரைசோபோரா இனத்து மரமொன்று பிராந்தன் கண்டல் எனப்படுகிறது. பிராந்தன் என்றால் பித்தன். தாறுமாறாகக் கிளைத்துச் சேற்றில் இறங்கும் ஊன்றுவேர்களைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். பேயும் பித்தும் ஒரே பொருட்புலத்தைச் சேர்ந்தவை. சொல் மாறிய பின்னும் 300 ஆண்டுகளுக்கு மேலாகப் பெயரிடும் நோக்கு மாறவில்லை என்று கருத இது இடந்தருகிறது.

பொதுப்பெயர் ஒன்றும் அதனைச் சிறப்பிக்கும் அடையொன்றுமாக அமையும் இம்முறை, உலகின் பல சமுதாயங்களின் தாவரப் பாகுபாட்டில் காணப்படுவது. பிரெண்ட் பெர்லின் முதலியோர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயினும் கொச்சிக் கரையின் சான்றுக்குத் தனிச் சிறப்பு உண்டு. லின்னேயஸ் இருபெயர் முறையை நிலைநிறுத்திய 1753ஆம் ஆண்டுக்கு 67 ஆண்டுகள் முன்னரே அச்சேறிய சான்று இது.

லின்னேயஸ் இப்பெயர்களை என்ன செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. வான் ரீடின் கண்டல்களை அவர் ரைசோபோரா என்னும் பேரினத்தில் சேர்த்தார். வேர்தாங்கி என்னும் பொருள்பட அமைந்த கிரேக்கத் தொடர் அது. கரிகண்டல் ரைசோபோரா சிலிண்டிரிக்கா ஆயிற்று. செருகண்டலுக்கு அவர் இட்ட பெயர் ரைசோபோரா கண்டெல். ஊரார் வழக்கில் பொதுப்பெயராக நின்ற கண்டல் இங்குச் சிறப்புப்பெயராகத் தாழ்ந்தது. சிறப்பைச் சுட்டிய 'செரு' கழன்று விழுந்தது. 1834இல் ராபர்ட் வைட், வாக்கர் ஆர்னட் இருவரும் தென்னிந்தியத் தாவரங்களைத் தொகுத்தபோது இம்மரத்தைத் தனிப் பேரினமாக்கிக் கண்டேலியா என்றனர். சிறப்புப்பெயராக வான் ரீடின் பெயரைச் சேர்த்தனர். முன்பு இட்ட பெயருக்கே முதன்மை என்னும் பெயரிடு விதிப்படி டுரூஸ் பின்னர் லின்னேயஸ் இட்ட அடையை மீட்டார். அதனால் இன்று வழங்கும் அறிவியற்பெயர் கண்டேலியா கண்டெல். தமிழில் இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'கண்டல் கண்டல்' என்றாகும். வேறுபடுத்திக் காட்டும் சொல் ஒன்றுகூட இல்லாத வேறுபெயர் இது! மலையாளிகள் இம்மரத்துக்கு வழங்கும் இன்னொரு பெயரோ எழுத்தாணிக் கண்டல். மரத்திலேயே முளைத்து நீண்டு, கூர்நுனியோடு கீழே விழுந்து சேற்றில் குத்திட்டு நிற்கும் அதன் நாற்றைப் பார்த்தவர் இட்ட பெயர். அப்பெயரில் தாவரத்தின் இனப்பெருக்க முறையே அடங்கியுள்ளது.

கண்டேலியா என்னும் பெயர் வங்காள விரிகுடாவைத் தாண்டிச் சீனம், ஜப்பான் வரை சென்றது. அங்குள்ள மரங்களும் நெடுங்காலம் இதே சிற்றினம் எனக் கருதப்பட்டன. அவற்றைக் கண்டேலியா ஒபோவாட்டா என்று 2003இல் தனியே பிரித்தனர். ஜப்பானியத் தாவர நூல்களில் இதன் பெயர் மெஹிருகி. ஹிருகி என்பது தலைமைச்சொல். 'மெ' பெண்மையைச் சுட்டும் அடை. அவிசென்னியாவை அந்நூல்கள் ஹிருகிதமஷி என்கின்றன. ஹிருகி போல் ஏமாற்றுவது என்பது பொருள். சேற்றில் உடன் நின்றாலும் அது ஹிருகி அன்று என்னும் கருத்து பெயரிலேயே உள்ளது.

வான் ரீடின் நூலிலும் இதே எல்லைக்கோட்டைக் காணலாம். இன்று புதுவைப்புச் சதுப்பில் மிகுந்து காணப்படும் அவிசென்னியா அஃபிசினாலிஸ் மரத்தை அவர் ஆறாம் தொகுதியில் கண்டல்களோடு வைக்கவில்லை. அது 1683இல் வந்த நான்காம் தொகுதியில் உள்ளது. அதன் பெயர் ஓ, ஈ என்னும் இரு உரோமன் எழுத்துகளோடு தொடங்குகிறது. டச்சு முறைப்படி அவ்விரண்டும் சேர்ந்து உகரத்தைக் குறிக்கும். ஆகவே சொல் 'உபாட்டா' என்பது போன்றது. 1763இல் அடன்சன் இதை உபாட்டா என்று சரியாகவே எழுதிப் பேரினப் பெயராக்கினார், அப்பெயர் நிலைக்கவில்லை. இக்கால மலையாளத்தில் உப்பட்டி, உப்பூற்றி என்னும் வடிவங்கள் வழங்குகின்றன. இட்டி அச்சுதனுக்குப் பெயர் சொன்ன கரையில் உப்பட்டி வேறு, கண்டல் வேறு.

காட்டுத்துறையின் ஏடுகள்

19ஆம் நூற்றாண்டில் மரத்தை அறிவது மருத்துவத்தின் வேலையாக இல்லாமல் அரசு வருவாயின் வேலையாயிற்று. மலபார் ஆட்சியர் கானலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார். விதை முளைக்க வைக்கும் முறையைக் கண்டு அத்தோட்டத்தை வளர்த்தவர் சாத்து மேனன். ஆயினும் தோட்டத்தின் பெயர் கானலி மனை. 1878இல் டேராடூனில் வனப்பள்ளியும், 1906இல் அங்கேயே வன ஆராய்ச்சி நிலையமும், 1912இல் கோயம்புத்தூரில் சென்னை வனக் கல்லூரியும் தோன்றின. பட்ட ஆய்வுகளுக்கு முன்னோடி இந்நிறுவனங்களே.

இக்காலத்து வன அலுவலர் சிலர் வழக்குப் பெயர்களை அக்கறையோடு திரட்டினர் என்பதை மறைக்கலாகாது. கேம்பிளின் இந்திய மரவகைகள் பற்றிய கையேடு 1881இலும், திருவிதாங்கூர் வனக் காப்பாளர் போர்டில்லனின் காட்டு மரங்கள் நூல் 1908இலும் வெளிவந்தன. மரம் வெட்டுவோரோடும் ஏலம் எடுப்போரோடும் பேச வேண்டியிருந்த அலுவலர்க்குப் பெயர் அன்றாடத் தேவை. ஆனால் அவர்கள் திரட்டியது பெயர்களை மட்டுமே. சொன்னவர் பெயரில்லை, சான்றில்லை, மூல எழுத்தில்லை. கொச்சியில் நான்கு எழுத்துகளில் நின்ற பெயர் இங்கு உரோமன் எழுத்தில் மட்டும் நின்றது. ரகர றகரமும், லகர ளகர ழகரமும் அதில் கரைந்தன.

மொழி எதிர்த்திசையிலும் பாய்ந்தது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து வெட்டும் ஏற்பாட்டுக்குப் பிரெஞ்சு வனவியல் வழங்கிய 'கூப்' என்னும் சொல் ஆங்கில அலுவலர் வாயிலாக வந்து, மலையாளத்திலும் மலையடிவாரத் தமிழிலும் கூப்பு ஆயிற்று. கூப்புக்குப் போதல், கூப்பு வேலை என்று பேசுவோருக்கு அது அயற்சொல் என்ற நினைவே இல்லை. தேக்கு என்னும் சொல் ஐரோப்பாவுக்குப் போயிற்று. கூப்பு இங்கு வந்தது. மரத்தின் பெயர் ஏற்றுமதி, வெட்டும் முறையின் பெயர் இறக்குமதி.

டேராடூன் நிறுவனம் 1991இல் பல்கலைக்கழக நிலை பெற்றது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் தென்னிந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் வனவியல் தனிப் பட்டப்படிப்பாயிற்று. ஆய்வேடுகளின் எண்ணிக்கை பெருகியது. அலுவலரின் அன்றாடத் தேவையாக இருந்த வழக்குப் பெயர், ஆய்வு மாணவர்க்கு முறை பற்றி நிரப்பப்படும் நிரலாகியது இக்கட்டத்திலேதான்.

இரு கரைகள்

இந்நிலையின் விளைவு தமிழ்க் கரையோடு ஒப்பிடும்போது புலப்படும். கண்டல் சங்க இலக்கியத்தின் நெய்தற் பாடல்களில் பயிலும் சொல். ஆனால் பிச்சாவரம், முத்துப்பேட்டை பற்றிய ஆய்வேடுகளின் பட்டியல்களில் ரைசோபோராவுக்குப் பொதுவாக இடப்படும் பெயர் சுரபுன்னை. வெண்கண்டல், கருங்கண்டல் என்பவை அவிசென்னியா வகைகளுக்கு உரியனவாக உள்ளன. பூகண்டல் என்று கொச்சியில் பெயர்பெற்ற மரத்துக்குத் தமிழில் நரிகண்டல் என்னும் பெயர் குறிக்கப்படுகிறது. கொச்சியில் எந்த மரம் கண்டல் என்னும் வட்டத்துக்கு வெளியே நின்றதோ, அதே மரம் தமிழ்க் கரையில் அச்சொல்லின் மையத்தில் நிற்கிறது. ஒரே சொல், மலையின் இருபுறமும் இருவேறு மரம். மலையாள ஆய்வேடு ஒன்றைத் தமிழாக்குவோர், சொல் ஒன்றுதானே என்று கண்டலைக் கண்டலாகவே எழுதிவிட்டால் வாசகர் மனத்தில் வேறு காடு எழும்.

தொகுதிப்பெயரிலும் சிக்கல் உண்டு. இலங்கைத் தமிழில் கண்டல் தாவரம் என்பது இச்சதுப்பு மரங்கள் அனைத்துக்கும் பொதுக் கலைச்சொல்லாக நிலைபெற்றுள்ளது. தமிழ்நாட்டில் மாங்குரோவ், சதுப்புநிலக் காடு, அலையாத்தி ஆகிய மூன்றும் போட்டியிடுகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அலையாத்தி செய்தித்தாள்களில் பெருவழக்காயிற்று. அன்று வைப்பின் தீவிலும், குறிப்பாக எடவனக்காட்டில், உயிரிழப்பு நேர்ந்தது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்னும் விளக்கம் அதன்பின் பெரிதும் பரவியது. ஆற்றி என்பது பேச்சுவழக்கில் ஆத்தி ஆவது ஒலியியல்படி இயல்பே. ஆயினும் ஆத்தி என்றே ஒரு மரப்பெயர் தமிழில் தொன்றுதொட்டு உண்டு. அலைக்கரையில் நிற்கும் ஆத்தி என்று பிரிப்பதும் அதே அளவு இயல்பு. ஒரு மரத்தின் பயன் பெருநிகழ்ச்சியொன்றால் உணரப்பட்டபின் அப்பயனையே பெயர்க்காரணமாகக் கூறுவதைச் சற்று ஐயத்தோடு ஏற்பதே முறை.

இவை வெறும் சொற்பூசல் அல்ல. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் 2011ஆம் ஆண்டு வடிவத்தில், 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மாங்குரோவ்ப் பரப்பைச் சுற்றி 50 மீட்டர் இடைப்பகுதி விடவேண்டும் என்னும் விதி உண்டு. கேரளத்தில் இக்காடுகளின் பெரும்பகுதி தனியார் நிலத்தில் உள்ளது. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வைப்பினை எர்ணாகுளத்தோடு இணைத்த பின் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது; புதுவைப்பில் 2013இல் இயற்கை எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கியது. தன் தோட்டத்து ஓரத்தில் உப்பட்டி மட்டும் நிற்கும் ஒருவர், அங்கே கண்டல் இல்லை என்று சொல்வாரானால், வான் ரீடின் நூல் காட்டும் பழைய வழக்குப்படி அவர் சொல்வது பொய்யன்று. சட்டத்தின்படி அது கண்டற்காடு. ஆய்வு மாணவர் வினாநிரலில் 'உங்கள் நிலத்தில் கண்டல் உண்டா?' என்று கேட்டுப் பெறும் விடை, எந்தக் கண்டலைப் பற்றியது என்று தெரியாதவரை தரவு ஆகாது.

மலையாளத்தில் கண்டல் இன்று எல்லா வகையையும் தழுவும் பொதுச்சொல்லாக விரிந்துள்ளது என்பது உண்மை. பள்ளிப் பாடமும் அறிவியல் இயக்கங்களும் இதற்குக் காரணம். கல்லேன் பொக்குடனையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டும். கண்ணூர் மாவட்டத்துப் பழயங்ஙாடிப் பகுதியில் 1989 முதல் கண்டல் நாற்றுகளை நட்டுவந்த உழைப்பாளி அவர். 2002இல் வெளியான அவருடைய தன்வரலாறு தலைப்பிலேயே கண்டற்காட்டைக் கொண்டது. பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே பெற்ற அவரிடம் மாணவரும் ஆய்வாளரும் கேட்டறிந்து சென்றனர். 2015இல் அவர் மறைந்தார். 1675இல் இட்டி அச்சுதன் நின்ற இடத்தில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நின்றவர் பொக்குடன் எனலாம்; வேறுபாடு, ஆய்வேடுகளில் இத்தகையோர்க்குக் கிடைப்பது நன்றியுரையில் ஒரு வரி.

வைப்பின் நிலத்தின் இன்னொரு பெயரும் இங்கு நினைக்கத்தக்கது. மழைக்காலத்தில் உவர்ப்புக் கழுவப்பட்ட வயலில் நெல்லும், கோடையில் அதே வயலில் இறாலும் வளர்க்கும் முறை பொக்காளி. இறால் வளர்ப்பைச் செம்மீன் கெட்டு என்பர். கெட்டு என்பது தமிழின் கட்டுதான். பொக்காளி என்பது நிலத்துக்கும், சாகுபடி முறைக்கும், நெல்லுக்கும் பொதுப்பெயர். செட்டிவிரிப்பு முதலிய தனிப் பெயர்கள் அதற்குள் அடங்கும். உவர்ப்பைத் தாங்கும் இந்நெல் பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றது. முதல் குரோமோசோமில் 'சால்டால்' எனப்படும் பகுதி இனங்காணப்பட்டதும் இதன் வழியேதான். ஆனால் விதைவங்கியில் பொக்காளி என்னும் ஒரே பெயரால் பதிவான மாதிரிகள் மரபணு வகையில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. பொதுப்பெயர் போய்ச் சேர்ந்தது. அதன்கீழ் நின்ற அடைகள் வழியில் உதிர்ந்தன. செருகண்டலுக்கு நேர்ந்ததும் இதுவே.

மீட்டெடுப்பு

கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலாலின் பணி இவ்வரலாற்றில் தனியே வைத்து எண்ணத்தக்கது. வைப்பினுக்கு அண்மையிலுள்ள பரவூரில் 1938இல் பிறந்தவர் அவர். ஹோர்த்துஸ் மலபாரிக்குஸில் கண்ட செடிகளை மலபார்க் கரையில் மீண்டும் தேடித் திரட்டினார். 1988இல் நிக்கல்சன், சுரேஷ் ஆகியோருடன் அந்நூலின் தாவரங்களுக்கு இக்காலப் பெயர்களை நிறுவினார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இலும் மலையாள மொழிபெயர்ப்பு 2008இலும் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன. 2020இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2025 ஜனவரி 1 அன்று காலமானார்.

மொழிபெயர்ப்பு என்னும் நோக்கில் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு விந்தையானது. மலையாளத்தில் சொல்லப்பட்டது போர்ச்சுக்கீசியம், இலத்தீன் வழியாகப் போய், 300 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மலையாளத்துக்கே திரும்பியது. இட்டி அச்சுதன் பேசிய சொற்றொடர்களை எவராலும் மீட்க இயலாது. இலத்தீன் விவரணையை மலையாளமாக்கியது மணிலாலின் நடை. ஆனால் பெயர்கள் வேறு வகையின. படத் தகட்டில் மலையாள எழுத்திலேயே அவை வெட்டப்பட்டிருந்ததால், உரோமன் எழுத்துக்கூட்டல் மயங்கச் செய்த இடங்களில் அத்தகட்டைப் பார்த்துத் தெளிய முடிந்தது. ஆய்வேட்டின் ஓர நிரலில் இன்று உரோமன் எழுத்தில் மட்டும் பதியப்படும் ஒரு பெயருக்கு, 300 ஆண்டுகள் கழித்து ஒருவர் தேடிவந்தால், அத்தகைய தகடு கிடைக்காது.

இட்டி அச்சுதனின் பெயர் இலத்தீனிலும் ஓரிடத்தில் உள்ளது. 1856இல் ப்ளூம், செந்தட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆசியச் செடியொன்றுக்கு அச்சுடேமியா என்று பேரினப் பெயர் சூட்டினார். பிற்காலத் தாவரவியலார் அதனைப் பைலியா என்னும் வேறொரு பேரினத்துள் அடக்கினர். அண்மைக் காலத்தில் அச்சுடேமியா மீண்டும் தனிப் பேரினமாக எடுத்தாளப்பட்டுள்ளது.